பின்வண்டியும் சுயாதீனமும்

ஒரு மனிதன் தன் தொழிலிற் சுயாதீனமுடையவன் என்று நாம் எப்போது கூறலாம்? தொழிற் கருவி அவனுக்குச் சொந்தமாயிருந்தாற் போதுமா? மண்வெட்டி தன்னுடையதாயும் நிலம் பிறனுடையதாயும் உள்ள கமக்காரன் அறுவடையில் ஒரு பங்கை நிலக்காரனுக்கு அளக்கிறான். வள்ளம் தன்னுடையதாயும் வலை சம்மாட்டியினுடையதாயும் உள்ள கடற்றொழிலாளி பிடித்த மீனிற் பாதியைக் கரையிலே விட்டுச் செல்கிறான். கருவியில் எப்பகுதி யாருக்கு உரியது என்னும் கேள்வி, ஊதியத்தில் எப்பகுதி யாருக்குச் சேரும் என்னும் கேள்வியாக முடிகின்றது.

இக்கேள்வியை ஐக்கிய அமெரிக்காவின் சுயாதீன லொறிச் சாரதிகளின் வரலாற்றில் வைத்து இன்று நோக்குவோம், நேயர்களே. அந்நாட்டிலே கடனுக்கோ கைப்பணத்துக்கோ ஒரு லொறியை வாங்கித் தானே அதனைச் செலுத்திப் பிழைப்பவர் பல்லாயிரவர். அவர்களுள் ஒவ்வொருவனும் தொழிலைத் தொடங்குமுன் விடை காணவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எந்த வகைப் பின்வண்டியைப் பூட்டுவது? கேட்கும்போது இது வெறும் இயந்திர விடயம் போலத் தோன்றும். ஆயினும் அரை நூற்றாண்டு காலம் அக்கேள்விக்கான விடையே ஒரு சாரதி தனக்குத் தான் எசமானனா, அல்லது ஒரு கம்பனியின் நிழலில் நிற்பவனா என்பதைத் தீர்மானித்தது.

முதலிற் பின்வண்டி என்பது யாதென அறிதல் நன்று. எமது துறைமுக வீதிகளிற் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் நெடிய லொறிகளைப் பலரும் கண்டிருப்பர். அவை உண்மையில் இரண்டு வண்டிகள். இயந்திரமும் சாரதியின் ஆசனமும் உள்ளது முன்வண்டி. பாரம் ஏற்றப்படுவது ட்ரெயிலர் எனப்படும் பின்வண்டி. அதற்கு முன்சக்கரங்கள் இல்லை. அதன் முன்பாகம் முன்வண்டியின் முதுகிற் சாய்ந்திருக்கும். முன்வண்டியின் மேலுள்ள வட்டத்தட்டிலே பின்வண்டியின் இரும்பு முளை பொருந்தி, வளைவுகளிலே திரும்புவதற்கு இடங்கொடுக்கும். வேண்டியபோது இரண்டையும் பிரிக்கலாம். பின்வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு முன்வண்டி வேறொன்றைப் பூட்டிக்கொண்டு போகலாம்.

இவ்வமைப்பு பரவியதற்கு ஒரு கருமானின் பட்டறை காரணமாயிற்று. 1914ஆம் ஆண்டிலே மிச்சிகன் மாநிலத்து டிட்ரொயிட் நகரில் ஓகஸ்ட் புரூஹோஃப் என்னும் கருமானிடம் சிப்லி என்னும் மரவியாபாரி ஒருவர் வந்தார். தமது படகைத் தமது போர்ட் மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்வதற்கு ஒரு சாதனம் வேண்டுமென்றார். புரூஹோஃப் செய்துகொடுத்த இருசக்கர வண்டி படகை இனிது சுமந்தது. வியாபாரிக்கு உடனே வேறொரு யோசனை தோன்றிற்று. படகை இழுக்கும் வண்டி மரத்தையும் இழுக்குமன்றோ? தமது மரக்காலைக்கும் அத்தகைய வண்டிகளைச் செய்வித்தார். 1918ஆம் ஆண்டில் புரூஹோஃப் பின்வண்டிக் கம்பனி பதிவுசெய்யப்பட்டது. குதிரை தன் முதுகிற் சுமப்பதிலும் அதிகமான பாரத்தை இழுக்க வல்லது என்னும் பழைய அறிவு இயந்திர யுகத்திலும் பயன்பட்டது.

முன்வண்டியும் பின்வண்டியும் பிரிக்கத்தக்கவையாக இருந்தமையால் அவற்றின் உரிமையும் பிரிக்கத்தக்கதாயிற்று. முன்வண்டி ஒருவனுடையதாகவும் பின்வண்டி இன்னொருவனுடையதாகவும் இருத்தல் இயலுமாயிற்று. இச்சிறு விடயத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1930ஆம் ஆண்டுகளிலே பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டியது. வேலையிழந்த பலர் பழைய லொறி ஒன்றை வாங்கிக்கொண்டு கிடைத்த கூலிக்குப் பாரம் ஏற்றினர். கூலி படுவீழ்ச்சியடைந்தது. புகையிரதக் கம்பனிகளும் பெரிய லொறிக் கம்பனிகளும் இதனைக் கட்டுப்படுத்தவேண்டுமெனக் கோரின. 1935ஆம் ஆண்டில் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் அதற்கு ஒப்பமிட்டார். அதன்படி, மாநிலங்களுக்கிடையே கூலிக்குப் பொருள் ஏற்றுவோர் 1887ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மாநிலங்களுக்கிடை வர்த்தக ஆணைக்குழுவிடம் அத்தாட்சிப்பத்திரம் பெறவேண்டும். எப்பொருளை எவ்வழியே ஏற்றலாம் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். முன்னரே தொழில் நடத்தி வந்தோர்க்கு அது எளிதிற் கிடைத்தது. புதியவன் பெறுவதோ அரிது. ஆகவே அப்பத்திரமே காணி உறுதிபோல விலைபேசி விற்கப்படும் பொருளாயிற்று.

ஆயின் அச்சட்டத்திலே ஒரு வாயில் திறந்து விடப்பட்டிருந்தது. உயிருள்ள கால்நடைகள், மீன், பதனிட்டு உருமாற்றப்படாத விவசாய விளைபொருள்கள் ஆகியவற்றை ஏற்றும் லொறிகளுக்கு அத்தாட்சிப்பத்திரம் வேண்டியதில்லை. கூலியையும் ஆணைக்குழு விதிப்பதில்லை. விளைச்சல் கெடுமுன் சந்தையை அடையவேண்டும், கூலியும் குறைவாயிருக்கவேண்டும் என்பது விவசாயிகளின் வேண்டுகோள். அவர்களுடைய சொல்லுக்குக் காங்கிரஸ் சபையிற் செல்வாக்கு மிகுந்திருந்தது.

இதன் பயனை எண்ணிப்பாருங்கள். அத்தாட்சிப்பத்திரம் இல்லாத ஏழைச் சாரதி ஒருவனுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தன் முன்வண்டியை அத்தாட்சி பெற்ற கம்பனி ஒன்றுக்குக் குத்தகையாகக் கொடுத்து, அக்கம்பனியின் பின்வண்டியை இழுத்து, வருமானத்தில் ஒரு பங்கைப் பெறுவது. மற்றையது, விளைபொருள் ஏற்றத்தக்க பின்வண்டி ஒன்றைத் தானே வாங்கிச் சட்டத்தின் திறந்த வாயிலாற் செல்வது. மூடிய சாதாரணப் பெட்டியைப் பூட்டியவனுக்குத் தொழிற்சாலைச் சரக்கே பெரும்பாலும் ஏற்றது. அச்சரக்கோ கம்பனிகளின் கையிலிருந்தது. கால்நடைப் பின்வண்டியையோ குளிர்பெட்டியையோ பூட்டியவனுக்கு எசமானன் இல்லை. பின்வண்டியின் வகையைத் தெரிந்தெடுத்தல் வாழ்க்கை முறையைத் தெரிந்தெடுத்தலாக இருந்தது.

குளிர்பெட்டி என்றேன். அதன் வரலாற்றிலே நாம் மறக்கலாகாத பெயர் ஒன்றுண்டு. பிரெட்ரிக் மக்கின்லி ஜோன்ஸ் 1893ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். இளமையிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்தவர். பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியும் நூல்களைத் தாமே கற்றும் அறிவு பெற்றவர். மினியாபொலிஸ் நகரில் ஜோசப் நூமெரோ என்பவரின் நிறுவனத்திற் பணிபுரிந்தபோது, வெப்பத்தினாற் கோழி இறைச்சி கெட்டு நட்டமடைந்த ஒரு லொறி உரிமையாளரின் முறைப்பாடு அவரது சிந்தனையைத் தூண்டியதென்பர். அதுவரை பனிக்கட்டியைக் கொண்டே பாரத்தைக் குளிர்வித்தனர். வேறு சிலர் ஆக்கிய இயந்திரங்களோ வீதி அதிர்ச்சியைத் தாங்காது பழுதுற்றன. அதிர்ச்சியைத் தாங்கவல்ல அடக்கமான குளிரூட்டும் இயந்திரத்தை ஜோன்ஸ் 1938ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அதனை அடியாகக் கொண்டெழுந்ததே தேர்மோ கிங் என்னும் நிறுவனம். 1961ஆம் ஆண்டிற் காலமான ஜோன்ஸ் அவர்களுக்கு 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

குளிர்பெட்டி வந்தபின் கலிபோர்னியாவின் சலாதும் தோடம்பழமும் மூவாயிரம் மைல் கடந்து நியூயோர்க் சந்தையை வாடாமல் அடைந்தன. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமான விரைவு வீதிகளுக்கு வழிவகுத்தது. அவ்வீதிகளிற் குளிர்பெட்டியை இழுத்துச் சென்ற சாரதி தன்னைத் தானே ஆளும் மனிதனாக எண்ணிக்கொண்டான்.

இனி ஒரு வேடிக்கையான வழக்கைக் கூறுவேன். விவசாய விளைபொருள் என்பதன் எல்லை யாது? உயிருள்ள கோழி விளைபொருள் என்பதில் ஐயமில்லை. இறகு பறித்துக் குடல் நீக்கிப் பனியில் உறையவைத்த கோழி விளைபொருளா, தொழிற்சாலைப் பொருளா? ஆணைக்குழு அதனைத் தொழிற்சாலைப் பொருளெனக் கொண்டது. விடயம் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. இறகு நீங்கினும் கோழி கோழியே. அது விளைபொருள்தான் என 1956ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்போர்க்கு இது நகைப்பை விளைக்கலாம். குளிர்பெட்டிக்குத் தவணைப்பணம் செலுத்திக்கொண்டிருந்த சாரதிக்கோ அத்தீர்ப்பு அடுப்பெரியும் விடயம்.

திறந்த வாயில் இவ்வாறு அகல்வதைப் புகையிரதக் கம்பனிகளும் அத்தாட்சி பெற்ற கம்பனிகளும் விரும்பவில்லை. 1958ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அதனைச் சற்றே சாத்திற்று. கோழி தப்பியது. உறையவைத்த பழங்களும் மரக்கறிகளும் விலக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றோடு நீக்கப்பட்ட பொருள்களின் நிரலிலே கொக்கோ, கோப்பிக்கொட்டை, வாழைப்பழம் என்பவற்றுக்கிடையே தேயிலையும் இருந்தது. மலைநாட்டிலே கொழுந்து பறித்த கைகளுக்கு இச்செய்தி எட்டியிராது. அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட தேயிலைப் பெட்டியை விலக்குப் பெற்ற சுயாதீனச் சாரதி ஏற்றலாகாது என அச்சட்டம் விதித்தது.

இச்சுயாதீனத்துக்கு மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே சலாது ஏற்றிச் சென்ற சாரதி, திரும்பும்போது எதனை ஏற்றுவான்? கிழக்கிலிருந்து மேற்கே செல்வது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. அதனை ஏற்ற அவனுக்கு அத்தாட்சிப்பத்திரம் இல்லை. வெறும் பெட்டியோடு திரும்பினால் எரிபொருட் செலவு போகும் கூலியைத் தின்றுவிடும். ஆதலால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் தன் வண்டியை ஒரு கம்பனிக்குக் குத்தகையாக விட்டு, அதன் பெயராற் பாரம் ஏற்றி, கூலியிற் கணிசமான பங்கை அதற்கு ஈந்தான். போகும்போது எசமானன், வரும்போது குத்தகைக்காரன்.

தட்டைப் பின்வண்டி பூட்டியவர் நிலையும் நோக்கத்தக்கது. சுவரும் கூரையுமில்லாத இவ்வகை இரும்புக்கும் மரத்துக்கும் இயந்திரங்களுக்கும் ஏற்றது. விலை குறைவு, ஆகவே சிறு மூலதனமுடையோரை ஈர்த்தது. ஆனால் பாரத்தைச் சங்கிலியாற் பிணைத்துப் படங்கினால் மூடும் உடலுழைப்பு சாரதியினுடையது. அதற்கும் மேலாக, உருக்கு விவசாயப் பொருளன்று. அதனை ஏற்றுவோர் கம்பனிகளின் குத்தகையிலேயே இருக்கவேண்டியதாயிற்று. உருக்காலை வாயில்களில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்தாலும் காத்திருந்த நேரத்துக்குக் காசில்லை. 1967ஆம் ஆண்டில் உருக்கு ஏற்றும் சாரதிகள் தம் தொழிற்சங்கத் தலைமையையும் மீறி வேலைநிறுத்தஞ் செய்தனர். காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியமும் கூலியிற் பெரிய பங்கும் அவர்களது கோரிக்கைகள். வண்டி அவர்களுடையது, நேரமோ அவர்களுடையதாயிருக்கவில்லை.

1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசல் விலை ஏறியது, கிடைப்பதும் அரிதாயிற்று. 1974ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேக எல்லை மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. மைலுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோனுக்கு வேகக்குறைவு வருமானக் குறைவாகும். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்தது என்பதுபோல, ஆணைக்குழு விதித்த கூலியோ கம்பனி கொடுத்த பங்கோ எரிபொருள் விலையோடு சேர்ந்து உயரவில்லை. 1973 டிசம்பரிற் சாரதிகள் நெடுஞ்சாலைகளை வண்டிகளால் மறித்தனர். 1974 பெப்ரவரியில் நாடளாவிய நிறுத்தத்தில் ஈடுபட்டனர். எரிபொருள் விலையேற்றத்தைச் சரக்குக்குரியோரிடம் மேலதிகக் கட்டணமாக அறவிட ஏற்பாடு செய்யப்பட்ட பின்னரே அது தணிந்தது.

இந்நிகழ்ச்சிகள் கட்டுப்பாட்டு முறைமீது ஐயத்தை வளர்த்தன. 1980 ஜூலை 1ஆம் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் புதிய மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். தகுதியும் விருப்பமும் வல்லமையும் உடைய எவரும் அத்தாட்சி பெறுவது எளிதாயிற்று. 1982ஆம் ஆண்டின் சட்டமொன்று பிரதான நெடுஞ்சாலைகளில் 48 அடி நீளமும் 102 அங்குல அகலமுமான பின்வண்டிகளை எல்லா மாநிலங்களும் அனுமதிக்கவேண்டுமென விதித்தது. மொத்த நிறை எல்லை 80,000 இறாத்தல். ஆணைக்குழுவே 1995ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்பட்டது.

இனி எப்பின்வண்டியையும் எவனும் பூட்டலாம். மதில் இடிந்தது. சாரதிகள் செழித்தனரா? மதில் எல்லோர்க்கும் இடிந்ததென்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பத்தாண்டுக்குள் லொறிக் கம்பனிகளின் தொகை இரு மடங்குக்கு மேற் பெருகியது. போட்டியினாற் கூலி வீழ்ந்தது. சரக்குக் கூலி குறைந்தமையால் நாட்டு மக்கள் நன்மையடைந்தனர் என்பதும் உண்மை. ஆனால் சட்டத்தின் வாயிலைக் காத்து நின்ற ஆணைக்குழுவின் இடத்திலே தவணைப்பணமும் வட்டியும் காப்புறுதிக் கட்டணமும் வந்து நின்றன.

இன்று அந்நாட்டிலே புதிதாகத் தொழில் தொடங்கும் சாரதியின் முன்னுள்ள தெரிவுகளைச் சுருங்கக் காண்போம்.

மூடிய சாதாரணப் பெட்டி வாங்குவதற்கு மலிவு, பேணுவதற்கு எளிது. ஏறத்தாழ 45,000 இறாத்தல் சரக்கை ஏற்றலாம். எங்கும் பாரம் கிடைக்கும். எவரும் அதனை ஏற்ற வல்லவராகையாற் கூலி குறையும் காலத்தில் முதலில் அடிபடுவதும் அதுவே.

குளிர்பெட்டி கோடையிலும் மாரியிலும் உணவு ஏற்றும். திரும்புகையில் உலர்ந்த சரக்கையும் ஏற்கும். ஆனால் விலை அதிகம், பாரம் அதிகம். குளிரூட்டும் இயந்திரம் தனியே டீசல் அருந்தும். அது வழியிற் பழுதுற்றால் பாரம் முழுவதும் நட்டமாகலாம்.

தட்டைப் பின்வண்டிக்கு உடல் வலிமையும், பாரத்தைப் பிணைக்கும் கைத்திறனும் வேண்டும். கட்டட வேலை ஓங்கினால் அதுவும் ஓங்கும், தளர்ந்தால் தளரும்.

எமது நாட்டிற் பவுசர் என வழங்கும் தாங்கி வகைக்குத் தனித் தேர்ச்சி வேண்டும். அரைகுறையாக நிரம்பிய திரவம் வண்டி நிற்கும்போதும் முன்னோக்கிப் பாய்ந்து மோதும். இதனைத் தணிக்கப் பல தாங்கிகளின் உள்ளே தடுப்புத்தகடுகள் உண்டு. பால் முதலியன ஏற்றுந் தாங்கிகளிற் கழுவுவதற்கு இடையூறாகுமென அவற்றை வைப்பதில்லை. சாதாரணச் சரக்கு ஏற்றுவோர் 7,50,000 டொலருக்குக் காப்புறுதி பெறவேண்டும் எனின், அபாயப் பொருள்கள் சிலவற்றை ஏற்றுவோருக்கு அத்தொகை 50 இலட்சம் டொலராகும்.

கொள்கலன் ஏற்றும் வகை துறைமுகத்தின் பிள்ளை. மல்கம் மக்லீன் என்னும் வட கரோலினா லொறிக்காரர் 1956 ஏப்ரில் 26ஆம் தேதி 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிய நாளே அதன் பிறந்தநாள். கப்பலின் வருகையும் துறைமுக வாயிலின் நெரிசலும் அச்சாரதியின் நாளை அளக்கின்றன.

ஆறாவது தெரிவும் ஒன்றுண்டு. அது பின்வண்டியே வாங்காதிருத்தல். முன்வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு பிறர் பெட்டியை இழுப்போர் இன்றும் மிகப் பலர். கடன் குறைவு, கவலை குறைவு. பாரத்தையும் கூலியையும் வகுப்பவரோ பிறர். முன்வண்டியையும் அதே கம்பனி தவணைக்குக் கொடுத்திருப்பின், வேலையை விட்டால் வண்டியும் போகும். அதுவரை கட்டிய பணமும் போகலாம். குத்தகை உடன்படிக்கையில் சாரதியின் பங்கும் கழிவுகளும் எழுத்திலே தெளிவாக இருக்கவேண்டுமென 1979ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. அவ்விதி பிறந்ததே முன்னர் எவ்வளவு இருள் இருந்ததென்பதற்குச் சான்று.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? குளிர்பெட்டிச் சாரதியின் சுயாதீனம் சட்டத்தின் ஒரு வரியிலே தங்கியிருந்தது. அவ்வரி மாறியபோது தேயிலையும் உறைந்த மரக்கறியும் அவன் கையைவிட்டு நீங்கின. பிற்காலச் சாரதிக்குச் சட்டம் எல்லா வாயில்களையும் திறந்தது. ஆயினும் தன் வருவாய்க்கு மிஞ்சிய கடனிற் பின்வண்டி வாங்கியவன் மாதாமாதம் வங்கிக்காகவே வண்டி செலுத்தினான். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் எம் முன்னோர் சொல் அவனுக்கும் பொருந்தும்.

ஆகவே தொழிலுக்கெனக் கருவி வாங்குவோன், அதன் விலையோடு வேறு நான்கினையும் விசாரித்தல் வேண்டும். அக்கருவிக்குரிய வேலையை யார் கொடுப்பார்? வெறுங்கையோடு திரும்பும் வழிக்கு யார் பணங் கொடுப்பார்? காத்திருக்கும் நேரம் யாருடையது? வேலை குன்றிய ஆறு மாதம் தவணையைத் தாங்க முடியுமா? லொறி வாங்குவோர்க்கு மட்டுமன்றி, எமது நாட்டிலே உழவு இயந்திரமோ, முச்சக்கர வண்டியோ, மீன்பிடி வள்ளமோ தவணைக்கு வாங்கும் இளைஞர்க்கும் இவை உரிய கேள்விகளே. ஒப்பமிடுமுன் அவற்றுக்கு விடை எழுதிப் பார்ப்பது நன்று.